மனச்சோர்வு மாத்திரை: ஒவ்வொரு எச்சரிக்கைக்கும் ஒரு கதை

முப்பது வருஷத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளியவன் நான். அங்கே கற்ற பாடம் ஒன்று உண்டு. எந்த விதியும் சும்மா வருவதில்லை. 'இந்தப் பதிவேட்டில் இரண்டு பேர் கையொப்பமிட வேண்டும்' என்று ஓர் ஆணை இருந்தால், எங்கோ ஓர் ஊரில் ஒருவர் மட்டும் கையொப்பமிட்டுப் பணம் காணாமல் போயிருக்கும். அந்தக் கதை தெரியாதவருக்கு விதி வெறும் தொந்தரவாகத்தான் தெரியும்.

மருந்துக்கும் இது பொருந்தும். 'திடீரென்று நிறுத்தாதீர்கள்', 'வேறு மருந்து சாப்பிட்டால் சொல்லுங்கள்' என்று டாக்டர் சொல்கிறார். நாமும் தலையாட்டிவிட்டு வருகிறோம். நம் வயதுக்காரர்களில் பலர் மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறார்கள். மனைவியை இழந்தவர்கள், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்கள், பக்கவாதம் வந்து தேறியவர்கள் என்று பலர். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் சாப்பிடுவதைக் காவிரிக்கரை நடைப்பயிற்சியில் உரக்கப் பேசுவோம். இந்த மாத்திரையை மட்டும் மேஜை டிராயரில் ஒளித்து வைப்போம். ஒளித்து வைப்பதில்தான் ஆபத்தே இருக்கிறது. அதனால் அதன் கதையைச் சொல்லலாம் என்று தோன்றியது. நான் டாக்டர் இல்லை. இது வரலாறு, வைத்தியம் உங்கள் டாக்டரிடம்தான்.

திருவரங்கத்தில் கோயிலும் வைத்தியமும் பழைய கூட்டாளிகள். பெரிய கோயிலில் தன்வந்திரி சந்நிதி இருப்பது எல்லாருக்கும் தெரியும். கோயிலில் இருந்த ஆரோக்கியசாலையைக் கருடவாகன பட்டர் புதுப்பித்ததை 1493-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. மனக் கோளாறு என்றால் மட்டும் ஜனங்கள் முசிறி சாலையில் குணசீலத்துக்குப் போவார்கள். பிரசன்ன வேங்கடாசலபதி சந்நிதியில் ஒரு மண்டலம், 48 நாள் தங்குவது வழக்கம். பூஜை முடிந்து முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அதில் தேறியவர்களும் உண்டு, தேறாதவர்களும் உண்டு. மாத்திரை என்று ஒன்று அப்போது உலகத்திலேயே கிடையாது.

மாத்திரையின் கதையில் முதல் அத்தியாயம் நம் நாட்டு மூலிகையில் தொடங்குகிறது. சர்ப்பகந்தா வேர். கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் போஸ் என்ற இருவர் 1931-ல் அது ரத்த அழுத்தத்தைக் குறைக்கிறது, சித்தம் கலங்கியவர்களை அமைதிப்படுத்துகிறது என்று எழுதினார்கள். பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல் 1949-ல் பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதியதும் உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனி அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சரக்கைப் பிரித்தெடுத்தது. 'அடெல்பேன்' ஞாபகம் இருக்கிறதா? நம் அப்பாக்கள் பிரஷருக்குச் சாப்பிட்ட மாத்திரை. அதில் இருந்தது இந்த ரெசர்பின்தான்.

சில வருஷங்களில் ஒரு விசித்திரமான செய்தி வந்தது. பிரஷருக்கு இதைச் சாப்பிட்ட சிலர் காரணமே இல்லாமல் மனம் ஒடிந்துபோனார்கள். ஒரு மாத்திரை ரத்தக் குழாயை மட்டுமல்ல, மனதையும் தொடும் என்று அப்போதுதான் டாக்டர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள். நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 'மூலிகைதானே, என்ன செய்துவிடும்' என்று நினைக்கக்கூடாது. சர்ப்பகந்தா சேர்ந்த சூரணமோ மாத்திரையோ சாப்பிடுகிறவர் அதை மனநல டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்த அத்தியாயம் பாரிஸில். காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்தப் பகுதியில் எனக்குத் தனி ருசி. பிரெஞ்சில் 'தாத்தோன்மான்' என்று ஒரு சொல். இருட்டில் கையை நீட்டித் தட்டித் தடவிப் போவது என்று பொருள். காதுக்கும் நம் 'தட்டித் தடவி' மாதிரியே கேட்கும். முதல் மனநல மருந்துகள் பலவும் அப்படிக் கிடைத்தவைதான். கடற்படை அறுவை மருத்துவர் ஆன்ரி லபோரி, அறுவைக்கு முன் நோயாளியை அமைதிப்படுத்த குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைக் கொடுத்தார். 1952-ல் பாரிஸ் செயிண்ட்-ஆன் மருத்துவமனையில் ழான் திலேயும் பியேர் தெனிக்கெரும் அதையே கடுமையான மனநோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். வார்டில் கூச்சல் அடங்கியது.

அதே 1952-ல் நியூயார்க்கின் சீ வியூ காசநோய் மருத்துவமனையில் ஐப்ரோனியசிட் என்ற மருந்தைச் சோதித்தார்கள். நோக்கம் காசநோய். ஆனால் படுக்கையோடு கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள், சிரித்தார்கள், ஆடினார்கள். அந்தப் படங்கள் பத்திரிகைகளில் வந்தன. முதலில் இதைப் பக்க விளைவு என்றுதான் சொன்னார்கள். 1957-ல் நேதன் கிளைன் என்ற டாக்டர் இதையே மனச்சோர்வுக்குக் கொடுத்துப் பார்த்து நல்ல பலன் என்று அறிவித்தார். சில வருஷத்தில் கல்லீரல் கெட்டு மஞ்சள் காமாலை வந்தவர்களின் கணக்கும் சேர்ந்தது. 1961-ல் அமெரிக்காவில் அந்த மருந்து கடையை விட்டுப் போனது.

மூன்றாவது அத்தியாயம் சுவிட்சர்லாந்தில், போடன் ஏரிக்கரையில் உள்ள மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனை. அங்கே ரோலண்ட் குன் என்ற டாக்டர். கைகி கம்பெனி அனுப்பிய ஒரு புது மருந்து, எதிர்பார்த்த மனநோய்க்கு வேலை செய்யவில்லை. தூக்கிப் போடாமல் 1956-ல் அதை மனச்சோர்வு நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதுதான் இமிப்ரமின். 1957-ல் ஜூரிக் மாநாட்டில் அவர் அதைப் பற்றிப் பேசியபோது கேட்க உட்கார்ந்திருந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் என்கிறார்கள்.

குன் நோயாளிகளைப் பக்கத்தில் இருந்து கவனித்தவர். அவர் கண்டவை இன்றைக்கும் செல்லும். ஒன்று, இந்த மருந்து தலைவலி மாத்திரை மாதிரி அரை மணியில் வேலை செய்யாது. சிலருக்குச் சில நாட்களில் பலன் தெரியும், பலருக்கு நான்கு வாரம் வரை ஆகும். இரண்டு, தேறிய உடனே நிறுத்தினால் நோய் திரும்பும்.

நம்மவர்கள் தவறுவது இந்த இரண்டிலும்தான். முதல் வாரத்தில் வாய் வறட்சி, வயிற்றுப் புரட்டல், லேசான படபடப்பு வரும். பலன் மட்டும் வராது. 'இது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று விட்டுவிடுவார்கள். பொறுத்தவர்களோ மூன்றாம் மாதம், 'இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று நிறுத்துவார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காசி யாத்திரை கிளம்பும் முன் அப்படித்தான் நிறுத்தினார். வழியெல்லாம் தலைசுற்றல், தூக்கமில்லை, தலைக்குள் மின்சாரம் சுரீர் சுரீர் என்று பாய்வதுபோல் இருந்ததாம். மருமகன் ரயிலிலிருந்தே டாக்டருக்கு ஃபோன் செய்து, மாத்திரையை மறுபடி ஆரம்பித்த பிறகுதான் அடங்கியது. இது அடிமைப்படுத்தும் மருந்து என்று அர்த்தமில்லை. உடம்பு அதற்குப் பழகியிருக்கிறது. மெல்ல மெல்லத்தான் விலக வேண்டும். தேறிய பிறகும் ஆறு மாதமாவது, நம் வயதில் ஒரு வருஷமோ அதற்கு மேலோ தொடரச் சொல்வார்கள். பிறகு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள்.

'சாப்பாட்டையும் கவனி' என்ற விதிக்குப் பின்னால் ஒரு பாலாடைக்கட்டி இருக்கிறது. ஐப்ரோனியசிட் வகை மருந்து சாப்பிட்ட சிலருக்குத் திடீரென்று மண்டை பிளக்கும் தலைவலி, சிலருக்கு மூளையில் ரத்தக்கசிவு. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகர மருந்துக்கடைக்காரர் ஒருவர், தம் மனைவிக்குச் சீஸ் சாப்பிட்டால்தான் இப்படி வருகிறது என்று எழுதினார். முதலில் பலர் சிரித்தார்கள். லண்டனில் பாரி பிளாக்வெல் என்ற இளம் டாக்டர் விடாமல் துருவி 1963-ல் அதை நிலைநாட்டினார். சீஸில் உள்ள டைரமின் என்ற பொருளும் அந்த மருந்தும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் எகிறுகிறது. வீட்டில் பக்கத்தில் இருப்பவர் கவனித்துச் சொல்வதை டாக்டர்கள் அலட்சியம் செய்யக்கூடாது என்பதற்கும் இது சாட்சி. இன்று இங்கே பொதுவாக எழுதும் மாத்திரைகளுக்கு இந்தச் சாப்பாட்டுப் பத்தியம் கிடையாது.

'வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்' என்ற கேள்விக்குப் பின்னால் ஒரு பெண்ணின் உயிர் இருக்கிறது. 1984-ல் நியூயார்க்கில் லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தாள். அவள் ஏற்கனவே ஃபெனல்சின் என்ற மனச்சோர்வு மருந்து சாப்பிட்டு வந்தாள். அங்கே பெத்திடின் ஊசி போட்டார்கள். சில மணி நேரத்தில் இறந்துபோனாள். இரண்டு மருந்தும் மோதியதே காரணம் என்று பலர் கருதுகிறார்கள். அந்த வழக்கினால் அந்த ஊரில் பயிற்சி டாக்டர்களின் வேலை நேரத்துக்கே வரம்பு வந்தது.

1987 கடைசியில் அமெரிக்காவில் ஃப்ளூவாக்செடின் அனுமதி பெற்றது. பிறகு செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் என்று வரிசையாக வந்தன. பழைய மருந்துகளைவிட இவை பாதுகாப்பானவை. ஆனாலும் நம் வயதுக்கென்று சில எச்சரிக்கைகள் உண்டு.

முதலாவது, உப்புச் சத்து. சில முதியோருக்கு இந்த மாத்திரைகள் ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் அதிகம். திருச்சியின் கத்திரி வெயிலில் குழப்பம், தள்ளாட்டம், வாந்தி வந்தால், 'வயசாகிவிட்டது' என்று உட்காராமல் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது, ரத்தக்கசிவு. இதயத்துக்கு ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர், மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கிய வலி மாத்திரையையும் சேர்த்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். டிரமடால் என்ற வலி மாத்திரையும் இவற்றோடு மோதும். மூன்றாவது, அளவு. எஸ்சிடலோபிராம் 65 வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 10 மி.கி.க்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை. இதயத் துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கலாம் என்பதால். நான்காவது, இங்கே பல சீட்டுகளில் எஸ்சிடலோபிராமோடு குளோனசபாம் சேர்ந்த ஒரே மாத்திரை வரும். இரண்டாவது சரக்கு தூக்கம் தருவது, பழக்கமாகிவிடக் கூடியது, ராத்திரி பாத்ரூம் போகும்போது விழவைப்பது. எவ்வளவு நாளைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அமிட்ரிப்டிலின் பற்றியும் ஒரு வார்த்தை. இமிப்ரமினின் உறவுக்காரன். சர்க்கரையால் கால் எரிகிறவர்களுக்குச் சின்ன அளவில் எழுதுவார்கள். பேரன் செல்போனில் தேடி, 'தாத்தா, இது மனநோய் மருந்து' என்பான். தாத்தா பதறி நிறுத்துவார். பதற வேண்டாம், எரிச்சலுக்கும் அதே மருந்துதான். ஆனால் புரோஸ்டேட் கோளாறு, கண் அழுத்த நோய், இதயக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

நம் ஊருக்கு வருவோம். தேசிய மனநலத் திட்டம் 1982-லேயே காகிதத்தில் இருந்தது. 1996-97-ல் மாவட்ட மனநலத் திட்டத்தை நாட்டில் நான்கு மாவட்டங்களில் மட்டும் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் முதலாவதாக எடுத்தது நம் திருச்சி மாவட்டத்தை. மனநோய்க்குக் கீழ்ப்பாக்கம்தான் கதி என்று இருந்த காலம் போய், பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே மாத்திரை வாங்கலாம் என்ற நிலை வரத் தொடங்கியது. நம்மூர்க்காரர்களே இதை மறந்துவிட்டார்கள்.

அப்புறமும் பாடம் தீரவில்லை. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்தது. அதன் பிறகு குணசீலத்திலும் மாறுதல் வந்தது. இன்று கோயிலை ஒட்டி உரிமம் பெற்ற மறுவாழ்வு இல்லம் இருக்கிறது, மனநல டாக்டர் வந்து பார்க்கிறார். தீர்த்தமும் நிற்கவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. ஒன்றுக்காக மற்றொன்றை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. தன்வந்திரிக்குச் சந்நிதி வைத்த ஊர்க்காரர்களுக்கு இது புதிதா என்ன?

கடைசியாகச் செய்ய வேண்டியது ஒன்றுதான். ஒரு வெள்ளைத்தாளில் நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்துகளையும், சூரணம், லேகியம், கண் சொட்டு மருந்து உட்பட, பெயரும் அளவுமாக எழுதிச் சட்டைப் பையில் வையுங்கள். பல் டாக்டரிடம் போனாலும் நீட்டுங்கள். ஒரு வேளை மறந்தால் மறுவேளை இரண்டாகப் போடாதீர்கள். நண்பருக்குக் குணமான அட்டையை வாங்கி முழுங்காதீர்கள். மாத்திரை ஆரம்பித்த முதல் வாரங்களில் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும். மனம் மிகவும் கலங்கினால், வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றினால், அன்றைக்கே சொல்லுங்கள். 14416 என்ற எண்ணில் 'டெலி மனஸ்' சேவை இரவும் பகலும் இலவசம், தமிழிலேயே பேசலாம். புத்தூர் அரசு மருத்துவமனையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது.

டிராயரில் ஒளித்து வைத்த அட்டையைச் சர்க்கரை மாத்திரை டப்பாவிலேயே எடுத்து வையுங்கள். அதுவும் ஒரு மாத்திரை, அவ்வளவுதான்.