'வெல்ல'வும் வெள்ளமும்: சொற்பிறப்பாய்வு பற்றிய ஒரு குறிப்பு

ஜேர்மன் மொழியில் அலையைக் குறிக்கும் சொற்களுள் ஒன்று 'வெல்ல'. தமிழர் எவரும் இதனைக் கேட்டதும் 'வெள்ளம்' என்பதை நினைத்தல் இயல்பே. யாழ்ப்பாணத்தில் இத்தகைய ஒப்புநோக்கலுக்குத் தனி வரலாறு உண்டு. நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875-1947) தமிழ் வேர்களை இந்தோ-ஐரோப்பிய மொழிகளிலும் தேடினார். 1938இல் வெளிவரத் தொடங்கிய அவரது 'சொற்பிறப்பு ஒப்பியல் தமிழ் அகராதி' முற்றுப்பெறாமலே நின்றது. கால்டுவெலின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்த பின்னரும் தமிழை வடமொழியின் வழிவந்ததாகக் கொண்டோர் இருந்தனர். அச்சூழலில் அவரது முயற்சியின் துணிவை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும், துணிவு வேறு, நிறுவுதல் வேறு.

'வெல்ல'வின் உறவுச் சொற்களை நோக்குவோம். ருசிய மொழியின் 'வல்னா', லித்துவேனிய மொழியின் 'வில்னிஸ்' ஆகிய இரண்டும் அலையையே குறிப்பன. உருட்டுதலைக் குறிக்கும் இலத்தீன் 'வொல்வெரே'யும் இக்குடும்பத்ததே. ஆகவே இதன் அடிப்பொருள் உருளுதல், புரளுதல் என்பதாகும். வெள்ளமோ மலையாளத்தில் வெறும் நீர். தெலுங்கின் 'வெல்லுவ' நீர்ப்பெருக்கு. ஒன்று நீரின் அசைவைச் சுட்டுவது. மற்றையது நீரையே சுட்டுவது. இரண்டுக்குமிடையே எஞ்சுவது செவிக்குப் புலனாகும் ஒலியொப்புமை மட்டுமே.

உண்மையான ஒப்புமை வேறிடத்திலுள்ளது. ஜேர்மன் மொழியில் அலைக்கு வழங்கும் மற்றொரு சொல்லான 'வோக', இயக்கத்தைக் குறிக்கும் வினையோடு உறவுடையது. ஆங்கில 'வேவ்' என்னும் பெயரும், முன்பு வழங்கிய வேறொரு சொல்லின் இடத்தில், அசைத்தலைக் குறிக்கும் வினையின் செல்வாக்கால் 16ஆம் நூற்றாண்டில் நிலைபெற்றது. தமிழில் அலை, அலைதல், அலைத்தல், அலைக்கழித்தல் ஆகியன ஒரே அடியைச் சார்ந்தவை. கடலின் அசைவும் வீடிழந்தோர் திரிதலும் நம்மிடையே ஒரே சொல்லாற் பேசப்படுகின்றன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு நடந்தோருக்கு இது வெறும் அகராதிப் பொருளன்று.

திரையோ அசைவினும் வடிவத்தைப் பற்றி நிற்பது. கிழவரின் தோல் திரைகிறது. அடுப்பிற் பால் திரைகிறது. கடலும் திரை எறிகிறது. சுருக்கமும் மடிப்பும் இவற்றின் பொதுமை. 'பில்லோ' என்னும் ஆங்கிலச் சொல் பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. அதன் அடிப்பொருள் வீங்குதல். அங்கும் வடிவமே பெயராயிற்று. இவ்வொப்புமைகளால் மொழியுறவு பெறப்படாது. கடலைக் கண்ட மக்கள் தத்தம் மொழியில் தனித்தனியே வகுத்துக்கொண்ட வழிகள் இவை.

பிற்காலத்தில் வானொலி வந்தபோதும் இவ்வாறே நிகழ்ந்தது. 1953இல் ஒலிபரப்பைத் தொடங்கிய ஜேர்மன் நிலையம் 'டொய்ச்ச வெல்ல', அதாவது 'ஜேர்மன் அலை' எனப் பெயர் பூண்டது. நம் வீடுகளிலோ முள்ளைத் திருப்பிச் சிற்றலையையும் மத்திய அலையையும் தேடினோம்.