அமெரிக்காவில் ஒரு தாய்மொழியின் வரலாறு

குடியேறும் மக்கள் குடிபுகுந்த நாட்டின் பொதுமொழியைக் கற்றல் வேண்டும் என்பதில் இருவேறு கருத்து இருத்தற்கில்லை. உழைத்துப் பிழைப்பதற்கும், உரிமை கேட்பதற்கும், அண்டை வீட்டாரோடு அளவளாவுவதற்கும் அம்மொழி வேண்டும். ஆனால், அதற்கு விலையாகத் தாய்மொழியைக் கைவிடத்தான் வேண்டுமா? இவ்வினாவிற்கு, அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியரின் வரலாறு தக்க விடை தருகின்றது.

ஜெர்மானியக் குடியேற்றம் அங்கே பழமையானது. பென்சில்வேனியாவில் ஜெர்மன்டவுன் என்னும் ஊர் 1683-ஆம் ஆண்டிலேயே தோன்றியது. பின்னர் அவர்கள் அலையலையாக வந்தனர். வந்தவர் பெருகப் பெருக, முன்னிருந்தோர் அஞ்சலாயினர். இவர்கள் ஆங்கிலேயராக மாறாமல் நம்மையே ஜெர்மானியராக மாற்றிவிடுவரோ என்னும் கவலையைப் பெஞ்சமின் பிராங்கிளின் 1751-இல் எழுதிய கட்டுரையொன்றில் வெளியிட்டார். அவரே 1732-இல் ஜெர்மானிய மொழியில் செய்தித்தாள் அச்சிட்டவர் என்பது எண்ணத்தக்கது.

அவருடைய அச்சம் மெய்யாகவில்லை. ஜெர்மானியர் ஆங்கிலமும் கற்றனர், தாய்மொழியையும் பேணினர். பெற்றோர் விரும்பும் இடங்களில் அரசுப் பள்ளிகளில் ஜெர்மன் கற்பிக்க ஒஹாயோ மாநிலம் 1839-இல் சட்டத்தால் இசைவளித்தது. சின்சினாட்டி நகரில் இருமொழிப் பள்ளிகள் செழித்தன. உள்நாட்டுப் போர் மூண்டபொழுது, நாட்டின் ஒருமைப்பாட்டிற்காகப் போரிட்ட வடபுலப் படையில் ஜெர்மானியர் பல்லாயிரவர் இருந்தனர். தாய்மொழிப் பற்று நாட்டுப் பற்றிற்குப் பகையன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

1889-இல் விஸ்கான்சின் மாநிலம் பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாயப் பயிற்றுமொழியாக்கிச் சட்டம் இயற்றியது. ஜெர்மானிய மக்கள் வாக்குச்சீட்டால் விடையிறுத்தனர். அச்சட்டத்தை ஆதரித்த ஆளுநர் 1890-ஆம் ஆண்டுத் தேர்தலில் தோற்றார். மறு ஆண்டே சட்டம் நீக்கப்பட்டது. அன்று அவர்கள் விழித்திருந்தனர்.

ஆயினும், 1917 ஏப்ரலில் அமெரிக்கா முதல் உலகப் போரில் ஜெர்மனிக்கு எதிராக இறங்கியதும் நிலைமை தலைகீழாயிற்று. நேற்றுவரை அண்டை வீட்டாராக இருந்தோர் ஒரே நாளில் ஐயத்திற்குரியோர் ஆயினர். பொதுவிடங்களிலும், பள்ளிகளிலும், வழிபாட்டிலும், தொலைபேசியிலும் ஆங்கிலமே பேசப்படல் வேண்டும் என அயோவா ஆளுநர் வில்லியம் ஹார்டிங் 1918 மே மாதத்தில் ஆணை பிறப்பித்தார். பேசும் மொழியே குற்றத்திற்குச் சான்றாயிற்று.

போர் முடிந்தும் பகைமை முடியவில்லை. எட்டாம் வகுப்புத் தேறாத பிள்ளைகட்குப் பிறமொழி கற்பித்தல் குற்றம் என நெப்ராஸ்கா மாநிலம் 1919-இல் சட்டம் செய்தது. அம்மாநிலத்தின் ஹாம்ப்டன் என்னும் சிற்றூரில், திருச்சபைப் பள்ளியொன்றில் ஆசிரியராக இருந்தவர் ராபர்ட் மேயர். 1920 மே 25-ஆம் நாள் நண்பகல் இடைவேளையில், பத்து வயது மாணவனுக்கு விவிலியக் கதையை ஜெர்மானிய மொழியில் அவர் பயிற்றிக்கொண்டிருந்தபொழுது, அரசு வழக்கறிஞர் வகுப்பறையினுள் நுழைந்தார். அந்நொடியில் ஆங்கிலத்திற்கு மாறியிருந்தால் அவர் தப்பியிருக்கலாம், அவர் மாறவில்லை. அவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் 25 டாலர். மாநில உயர் நீதிமன்றமும் அத்தண்டத்தை உறுதி செய்தது.

தொகை சிறிது, கொள்கை பெரிது. மேயர் தளராமல் வழக்கை நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை கொண்டு சென்றார். 1923 சூன் 4-ஆம் நாள், நீதிபதியர் எழுவர் ஒரு பக்கமும் இருவர் மறுபக்கமுமாக நின்ற தீர்ப்பில், நெப்ராஸ்காச் சட்டம் செல்லாதென்று அறிவிக்கப்பட்டது. கற்பிக்கும் உரிமை ஆசிரியர்க்கும், தம் மக்களுக்கு எதைக் கற்பிப்பது எனத் தெரிந்துகொள்ளும் உரிமை பெற்றோர்க்கும் அரசியலமைப்பு காக்கும் உரிமைகளுள் அடங்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். பள்ளிகளில் ஆங்கிலத்தைக் கட்டாயமாக்கும் அரசின் அதிகாரத்தையும் அது மறுக்கவில்லை. இரண்டிற்கும் இடமுண்டு என்பதே அதன் நடுவுநிலை.

வழக்கு வென்றது, மொழி வென்றதா? 1915-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவருள் ஏறத்தாழ நால்வருள் ஒருவர் ஜெர்மன் பயின்றனர். 1922-இல் அது நூற்றுக்கு ஒருவர் என்னும் அளவிற்கும் கீழே வீழ்ந்தது. தீர்ப்பிற்குப் பின்னும் பழைய நிலை திரும்பவில்லை. சட்டம் மட்டுமே இதற்குக் காரணமன்று. புதிதாக வருவோர் தொகை முன்னரே குறைந்திருந்தது. இளையோர் நகரங்களுக்குச் சென்றனர். எல்லாவற்றினும் மேலாக, அச்சமும் நாணமும் வீட்டினுள் புகுந்தன. தாய்மார் தம் குழந்தைகளோடு ஆங்கிலத்திலேயே பேசத் தலைப்பட்டனர். இன்று ஜெர்மானிய மரபினர் எனத் தம்மைக் கூறிக்கொள்ளும் அமெரிக்கர் 4 கோடிக்கு மேற்பட்டோர். அவருள் மிகப் பெரும்பாலோர்க்கு அம்மொழி தெரியாது.

இதற்கு விலக்காக நிற்போர் ஆமிஷ் மக்கள். வீட்டில் பென்சில்வேனியா ஜெர்மன் என்னும் கிளைமொழி, வழிபாட்டில் செந்நெறி ஜெர்மன், பள்ளியில் ஆங்கிலம் என ஒவ்வொன்றிற்கும் ஓர் இடம் வகுத்து அவர்கள் வாழ்கின்றனர். அவர்களைப் போல் உலகிலிருந்து ஒதுங்கி வாழ்தல் எல்லார்க்கும் ஏலாது; வேண்டுவதுமன்று. ஆனால், வீட்டில் தாய்மொழிக்குரிய இடத்தை வேறெதற்கும் விட்டுக்கொடாத அவர்தம் உறுதி கற்கத்தக்கது.

சட்டம் வேலி போன்றது. வேலி இல்லையேல் பயிருக்குக் காவலில்லை. விதைக்காத நிலத்திற்கோ வேலியிட்டுப் பயனில்லை. மேயர் வேலியை மீட்டுத் தந்தார். விதைக்க வேண்டிய வீடுகள் வாளாவிருந்தன. வகுப்பறையில் தாய்மொழி கற்பிக்கும் நாம், நம் மாணவர் வீட்டு வாசலையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஆசிரியர் காக்கும் மொழி வீட்டிலும் ஒலித்தால்தான் அடுத்த தலைமுறைக்குச் சென்று சேரும்.