குற்றப்பத்திரிகை முதல் மேல்முறையீடு வரை: அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் நடப்பது என்ன?

புது டெல்லி: கொலை வழக்கில் ஆயுள் தண்டனை, பாலியல் வழக்கில் விடுதலை என்று தீர்ப்புகள் வெளியாகும்போது நீதிபதி, அரசு வழக்கறிஞர், விசாரணை அதிகாரி ஆகியோரைப் பற்றிப் பேசுகிறோம். அந்த வழக்குக் கட்டைப் பல ஆண்டுகள் பாதுகாத்து, வாய்தாதோறும் நீதிமன்றத்திற்குக் கொண்டு சேர்த்த எழுத்தர், தட்டச்சர், அலுவலக உதவியாளர் ஆகியோரை எவரும் நினைப்பதில்லை. ஆயினும் பதிவேட்டில் ஒரு தேதி தவறினால், வாதத் திறமையால் மட்டும் அதை ஈடுசெய்ய முடியாது.

யாருடைய அலுவலகம்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 18, 19-ஆவது பிரிவுகள் அரசு வழக்கறிஞர்கள், உதவி அரசு வழக்கறிஞர்கள் ஆகியோரின் நியமனத்தைக் கூறுகின்றன. 20-ஆவது பிரிவு, மாநில உள்துறையின் நிர்வாகக் கட்டுப்பாட்டில் குற்ற வழக்குத் தொடர்வு இயக்குநரகத்தையும், மாவட்டந்தோறும் அதன் கிளையையும் அமைக்க வழி செய்கிறது. இந்த அலுவலகம் காவல்துறையின் ஓர் அங்கமாக இருக்கக்கூடாது என்பதை 1995-ஆம் ஆண்டு எஸ்.பி. ஷஹானே வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. இருப்பினும் அன்றாட வேலை காவல்துறையின் துணையின்றி நகராது. டெல்லி, ஹரியானா, பஞ்சாப் நீதிமன்றங்களில் அரசு வழக்கறிஞருக்கு உதவியாகக் கட்டுகளையும் சம்மன்களையும் கவனிக்கும் காவலருக்கு 'நாயப் கோர்ட்' என்றே பெயர்.

ஆட்சி மாறும்போது அரசு வழக்கறிஞர்களும் மாறுவது பல மாநிலங்களில் வழக்கம். புதிதாகப் பொறுப்பேற்பவருக்கு, எந்த வழக்கில் எந்தச் சாட்சி பாக்கி என்பதைச் சொல்லக்கூடியவர் பெரும்பாலும் பழைய எழுத்தர்தான்.

ஒரு நாள் தவறினால்...

காவல் நிலையத்திலிருந்து வரும் வரைவுக் குற்றப்பத்திரிகை, பல மாநிலங்களில் நீதிமன்றத்திற்குச் செல்லும் முன் அரசு வழக்கறிஞரின் சட்டக் கருத்துக்காக இந்த அலுவலகத்திற்கு வருகிறது. மருத்துவ அறிக்கை இணைக்கப்பட்டுள்ளதா, சாட்சிகள் பட்டியலில் உள்ளவர்களின் வாக்குமூலங்கள் அனைத்தும் இருக்கின்றனவா என்று சரிபார்த்து, குறையிருந்தால் திருப்பி அனுப்ப வேண்டும். வந்த தேதியும் திரும்பிய தேதியும் பதிவாக வேண்டும்.

காரணம், குற்றம் சாட்டப்பட்டவர் காவலில் இருந்தால் காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். மரண தண்டனை, ஆயுள் தண்டனை அல்லது பத்து ஆண்டுகளோ அதற்கு மேலோ சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு 90 நாள், பிறவற்றுக்கு 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால், பிணை வழங்கத் தயாராக உள்ளவருக்கு ஜாமீன் பெறும் உரிமை பிறந்துவிடும். ரிமாண்ட் செய்யப்பட்ட நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று 2023 மார்ச்சில் கபில் வதாவன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கொரோனா ஊரடங்கைக்கூட ஒரு காரணமாகக் காட்ட முடியாது என்று 2020-இல் மதுரை மாவட்டத்திலிருந்து சென்ற எஸ்.காசி வழக்கில் அதே நீதிமன்றம் கூறியிருந்தது. கட்டு ஒரு மேசையில் இரண்டு நாள் அதிகமாகத் தங்குவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு இவ்விரு தீர்ப்புகளே போதும்.

குற்றம் சாட்டப்பட்டவர் ஆஜரான 14 நாள்களுக்குள் ஆவணங்களின் நகல்களை அவருக்கு வழங்க வேண்டும் என்கிறது 230-ஆவது பிரிவு. இங்கே எழுத்தருக்குத் தேவைப்படுவது வேகத்தைவிட நிதானம். வழக்கு நாட்குறிப்பு, நகலாக வழங்க வேண்டிய ஆவணம் அன்று. பாலியல் குற்றத்தால் பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72-ஆவது பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். எந்தத் தாள் வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று பிரிக்கத் தெரியாதவரின் கையில் நகலெடுக்கும் இயந்திரம் ஆபத்தான பொருள்.

சாட்சிகளைத் தேடி

விசாரணை தொடங்கும்போது விசாரணை அதிகாரி வேறு மாவட்டத்தில் இருப்பார்; பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் ஓய்வு பெற்றிருப்பார். அவர்களின் தற்போதைய முகவரியைக் கண்டறிந்து சம்மன் சேர்ப்பிக்கச் செய்வது சலிப்பூட்டும் வேலை. ஆனால் வழக்கின் உயிர்நாடி. அத்தகைய அதிகாரி மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ இருந்தால், அவர் தயாரித்த அறிக்கை குறித்து அப்பதவியில் இருப்பவர் சாட்சியம் அளிக்க 336-ஆவது பிரிவு இப்போது இடமளிக்கிறது.

அகமதாபாத்தில் ஆறு வயதுச் சிறுமி கொல்லப்பட்ட வழக்கில் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. 2014 ஜனவரியில் அந்த விடுதலையை உறுதி செய்த உச்ச நீதிமன்றம், முக்கியச் சாட்சிகள் விசாரிக்கப்படாதது உள்ளிட்ட குறைகளைச் சுட்டிக்காட்டியது. விடுதலையில் முடியும் ஒவ்வொரு வழக்கையும் ஆராய்ந்து, தவறிய அதிகாரிகளை அடையாளம் காணும் நடைமுறையை மாநிலங்கள் உருவாக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. கிஷன்பாய் வழக்கு என்று அறியப்படும் இத்தீர்ப்பின்படி, காரணங்களைத் தொகுப்பதற்கு அடிப்படையாவது இந்த அலுவலகத்திலுள்ள கட்டுதான்.

சாட்சிகளின் பாதுகாப்பும் இதே அலுவலகத்தின் வாசலுக்கு வருகிறது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்ற சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தில், மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவின் உறுப்பினர் செயலர் மாவட்டக் குற்ற வழக்குத் தொடர்வுத் துறையின் தலைவரே. மிரட்டலுக்கு உள்ளான ஒருவரின் விண்ணப்பம் சாதாரணத் தபால்களோடு கலந்துவிட்டால் விளைவு உயிரோடு விளையாடுவதாகும்.

விடுதலைக்குப் பின்

விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து அரசு மேல்முறையீடு செய்யக் காலவரையறைச் சட்டம் அளிப்பது 90 நாள். சான்றிட்ட நகல் பெற ஆகும் காலம் இதில் சேராது. நகல் பெற்று, அரசு வழக்கறிஞரின் கருத்தை இணைத்து, இயக்குநரகத்திற்கும் அரசுக்கும் அனுப்பி உத்தரவு பெறுவதற்குள் அவகாசம் கரைந்துவிடும். கோப்பு மேசை மேசையாக நகர்ந்தது என்ற வழக்கமான விளக்கத்தை ஏற்க முடியாது என்று 2012-இல், 427 நாள் தாமதமான அஞ்சல் துறையின் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அது உரிமையியல் வழக்கு. எச்சரிக்கை எல்லா அரசு அலுவலகங்களுக்கும் உரியது.

காவல் நிலையம், நீதிமன்றம், சிறை, தடயவியல் ஆய்வகம், அரசு வழக்கறிஞர் அலுவலகம் ஆகியவற்றை இணையத்தால் இணைக்கும் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திற்கு 2022-இல் மத்திய அரசு 3,375 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. தாளில் உள்ளதை ஒருவர் பொறுப்பாகக் கணினியில் ஏற்றினால்தான் அது பயன்படும்.

பாதிக்கப்பட்டவர்கள் தங்கள் வழக்கின் அடுத்த வாய்தாவை 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கொண்டு இ-கோர்ட்ஸ் சேவையில் அறியலாம். அரசு வழக்கறிஞருக்கு உதவியாகத் தாங்களே ஒரு வழக்கறிஞரை அமர்த்த நீதிமன்றம் அனுமதிக்கலாம். அலுவலகத்தில் எந்த மனு கொடுத்தாலும், பெற்ற தேதியுடன் முத்திரையிட்ட ஒரு நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.