டாரட் சீட்டுகளின் பூக்கள்

78 சீட்டுகள் கொண்ட டாரட் கட்டு, 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியப் பிரபுக்களின் பொழுதுபோக்கு ஆட்டமாகத் தோன்றி, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான் குறி பார்க்கும் கருவியாகப் பரவலாயிற்று. இன்று தொன்மையான மறைபொருள் என்று விரித்துரைக்கப்படும் அதன் பூக்களில் பல, அவ்வளவு பழமையும் உடையவை அல்ல. 1909இல் லண்டனில் வில்லியம் ரைடர் பதிப்பகம் வெளியிட்ட கட்டுக்காக, ஆர்தர் எட்வர்ட் வெயிட் வகுத்த திட்டப்படி ஓவியர் பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து சேர்த்தவை.

அதற்கு முந்தைய மார்சேய் மரபுச் சீட்டுகளிலும் பூக்கள் உண்டு. ஆனால் வளைந்த வாள்களுக்கு நடுவிலும் கோப்பைகளுக்கு இடையிலும் கொடியோடிப் பூத்திருக்கும் அவற்றை, வெற்றிடத்தை நிரப்பும் அலங்காரமாகக் கொள்வதே பொருத்தம். மாற்றத்தின் அளவை மரணச் சீட்டு நன்கு காட்டுகிறது. மார்சேய் சீட்டில் எலும்புக்கூடு ஒன்று அரிவாள் வீசி, தரையில் கிடக்கும் தலைகளுக்கும் கைகளுக்கும் நடுவே நடக்கிறது. ஸ்மித்தின் ஓவியத்திலோ அது கவசமணிந்து வெண்குதிரையில் வர, அதன் கருங்கொடியில் ஐந்திதழ் வெள்ளை ரோஜா விரிந்திருக்கிறது. அந்த ரோஜா உயிரைக் குறிக்கிறது என்று வெயிட் தம் விளக்க நூலில் எழுதினார்.

வெயிட், ஸ்மித் இருவரும் 1888இல் தொடங்கப்பட்ட கோல்டன் டான் என்னும் மறைஞானச் சங்கத்தில் இருந்தவர்கள். சிலுவையின் நடுவே ரோஜா மலர்ந்திருப்பது அச்சங்கத்தின் முதன்மைச் சின்னங்களுள் ஒன்று. கிறித்தவ ஓவிய மரபில் கன்னி மரியாளின் தூய்மைக்கு அடையாளமான லில்லியும் அதனோடு சேர, மந்திரவாதிச் சீட்டில் தலைக்கு மேல் ரோஜாக்களும், காலடியில் ரோஜாவும் லில்லியும் கலந்த தோட்டமும் அமைந்தன. தலைமைக் குரு சீட்டில் மண்டியிட்டிருக்கும் இருவரில் ஒருவரின் அங்கியில் ரோஜாவும் மற்றவரின் அங்கியில் லில்லியும் தீட்டப்பட்டிருப்பது இந்த இணையின் தொடர்ச்சியே.

சூரியன் சீட்டின் மதிலுக்கு மேல் எட்டிப்பார்க்கும் சூரியகாந்தி இன்னும் புதிய வரவு. வட அமெரிக்கச் செடியான அது 16ஆம் நூற்றாண்டில்தான் ஐரோப்பாவை அடைந்தது. ஆதலால் டாரட் பண்டை எகிப்தின் ஞானநூல் என்று 1781இல் கூர் டி ஜெப்லன் கிளப்பிய கதையை இன்றும் நம்புவோருக்கு இந்தப் பூ சற்றுச் சங்கடமானதுதான்.

எண் சீட்டுகளின் ஓவியங்களைப் பெரும்பாலும் ஸ்மித்தின் கற்பனைக்கே வெயிட் விட்டுவிட்டார் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆறு கோப்பைகள் சீட்டில், பழைய முற்றமொன்றில் சிறுவன் சிறுமிக்கு நீட்டும் கோப்பை உட்பட ஆறிலும் வெண்பூக்கள் நிறைந்திருப்பதை அவர் கைவண்ணமாகவே கொள்ளலாம். இத்தனையும் வரைந்த அவர், பெரிய வேலையொன்றை மிகச் சொற்பப் பணத்துக்கு முடித்ததாக 1909 நவம்பரில் ஒளிப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதினார்.