மோட்டார் வண்டியின் தாகம்

மோட்டார் வண்டியின் வரலாறு என்றவுடன் நாம் வேகத்தையே நினைக்கிறோம். அவ்வேகத்தின் அடியில் வெப்பம் என்னும் பெருஞ்சிக்கல் மறைந்திருப்பதைப் பலர் எண்ணுவதில்லை. பெட்ரோல் எரிவதால் பிறக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீரே சுமந்து செல்கிறது. அந்நீர் ஓடாது நின்றுவிட்டால் கொதிக்கும், உலோகம் விரியும், பிஸ்டன் சிலிண்டருள் இறுகிக்கொள்ளும். ஆதலின், நீரை ஓடச் செய்யும் சிறு பம்பின் கதையை இன்று சொல்லக் கருதினேன்.

1886-இல் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் பம்பு இல்லை. நீர் கொதித்து ஆவியாகி வெப்பத்தைக் கொண்டு சென்றது. 1888-இல் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் அவ்வகை வண்டியில் நெடும்பயணம் மேற்கொண்டபோது, வழியெங்கும் நீர் தேடி ஊற்ற வேண்டியிருந்தது. பின்னர் வில்ஹெல்ம் மேபாக் தேன்கூடு போன்ற ரேடியேட்டரை அமைத்தார். காற்றுப்படும் பரப்பு மிகுந்தது. அதே நீரையே மீண்டும் மீண்டும் சுழலவிடுவது எளிதாயிற்று.

1908-இல் வெளிவந்த ஃபோர்டு ‘டி’ வண்டிகளுள் முதல் 2,500 அளவிலானவற்றில் பம்பு இருந்தது. பிறகு அதை நீக்கிவிட்டனர். வெந்நீர் இலேசாகி மேலெழும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். உலைநீர் புரள்வதைக் கண்டவர்க்கு இது புதிதன்று. எனினும் எஞ்சினின் ஆற்றல் பெருகப் பெருக, இவ்வியற்கை ஓட்டம் போதவில்லை. பம்பு திரும்பி வந்து நிலைபெற்றது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். வெளிநாட்டுப் பாகங்களை இறக்கி இங்கே பூட்டி விற்ற நிறுவனங்கள், உற்பத்தியையும் இங்கேயே தொடங்க வேண்டும் என்ற கொள்கையை 1953-இல் இந்திய அரசு மேற்கொண்டது. 1928 முதல் பம்பாயில் வண்டி பூட்டிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் அப்பணியை நிறுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 1-இல் எங்கள் புதுச்சேரி இந்தியாவுடன் நடைமுறையில் இணைந்தது. சில ஆண்டுகளில், கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த அம்பாசடர், நாடெங்கும் ஓடலாயிற்று. ஆங்கில நாட்டு மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் வார்ப்பே அது. 2014 மே மாதம் உற்பத்தி நிற்கும்வரை அதன் தோற்றம் பெரிதும் மாறவில்லை.

மூலக்குளத்தில் என் வீட்டில் பழைய அம்பாசடர் ஒன்று உண்டு. சென்ற கோடையில் அதன் பம்பின் அடியிலுள்ள சிறு துளை வழியே நீர் சொட்டியது. அத்துளை பழுதன்று, உள்ளிருக்கும் சீல் தேய்ந்துவிட்டது என்று முன்கூட்டி உரைக்கும் வாய் அது. அண்டை வீட்டுக் கல்லூரி மாணவர் ஒருவரும் நானும் பம்பை மாற்ற முற்பட்டோம். எஞ்சின் நன்கு ஆறியபின் நீரை வடித்தோம். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறப்பது பேராபத்து. அழுத்தத்தால் கொதிக்காதிருந்த நீர், மூடி அகன்ற கணமே கொதித்துப் பீறிடும். பெல்ட்டைத் தளர்த்தி, ரேடியேட்டரை இறக்கி, விசிறியையும் பம்பையும் கழற்றினோம். பழைய பேக்கிங்கை முற்றும் சுரண்டிப் புதியதை வைத்து, போல்ட்டுகளை மாறிமாறிச் சமமாக இறுக்கினோம். உப்புக் கிணற்று நீரைத் தவிர்த்து, வடித்த நீரும் குளிர்விப்புத் திரவமும் கலந்து ஊற்றினோம். காலையில் தொடங்கிய வேலை மாலையில் முடிந்தது.

பாடநூலில் வெப்பச் சலனம் பற்றி எழுதி மதிப்பெண் பெற்ற அம்மாணவர், “ஐயா, இதைத்தானா நான் படித்தேன்?” என்று வியந்தார். அவ்வியப்பே கல்வியின் தொடக்கம் என்பேன்.

ஆயினும் ஒன்றை மறைத்தல் ஆகாது. அரைநூற்றாண்டுக்கு மேல் மாறாத வண்டி, தெருவோரத் தொழிலாளியையும் தேர்ந்த மெக்கானிக் ஆக்கியது. உதிரிப் பாகம் எவ்வூரிலும் கிடைத்தது. அதே மாறாமை, வாங்குவோரை ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவும் வைத்தது, முன்னேற்றத்தையும் தடுத்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது மக்கள் அதனை ஆவலுடன் வரவேற்றதற்குக் காரணம் இதுவே. பழுதுபார்க்கும் திறன் வேறு, புதிது படைக்கும் திறன் வேறு. முன்னதை மட்டும் போற்றிப் பின்னதை மறந்த நாடு தேங்கும். பின்னதை மட்டும் நாடி முன்னதை இழந்த நாடு, ஒரு சிறு சீல் தேய்ந்தாலும் பிறர் கையை எதிர்பார்த்து நிற்கும்.

இன்றைய மின்சார வண்டிகளிலும் பல, மின்கலத்தைக் குளிர்விக்கத் திரவத்தையும் அதனைச் செலுத்தப் பம்பையும் கொண்டுள்ளன. எரிபொருள் மாறினும் வெப்பத்தின் விதி மாறவில்லை. மாணவர்களே, அவ்விதியை ஏட்டில் மட்டுமன்றிக் கையாலும் கற்றுக்கொள்ளுங்கள்.