ஓடுதளத்தின் அடியில் கிடக்கும் உழைப்பு

செங்கோட்டைக் கணவாய்க் காற்றின் போக்கிலேயே கிழக்கே போனால் கயத்தாறு. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர், காற்றாலைகள் நிற்கும் ஊர் என்று அதை அறிவோம். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் போட்ட விமான ஓடுதளம் ஒன்று அங்கே கைவிடப்பட்டுக் கிடப்பது பலருக்குத் தெரியாது. 1942 மார்ச் 23-இல் ஜப்பானியர் அந்தமானைப் பிடித்தார்கள். ஏப்ரல் 5-இல் கொழும்பிலும், 6-இல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும், 9-இல் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. உளுந்தூர்பேட்டை, செட்டிநாடு என்று தமிழகத்தில் போர்க்கால விமானத்தளங்கள் எழுந்த காலம் அது. வங்கக் கடலின் எதிர்ப்பக்கத்தில் ஜப்பானியரும் அதையே செய்தார்கள்: தென்னந்தோப்புகள் நிறைந்த கார் நிக்கோபார் தீவில் ஓடுதளம் அமைத்தார்கள்.

இத்தகைய தளங்களைக் கண்டுபிடிக்க மேலிருந்து பார்த்தாலே போதும் என்று தோன்றும். வயலும் குளக்கரையும் தண்ணீர் ஓடும் வாட்டத்துக்கு வளைந்து கிடக்கும். ஓடுதளம் அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நேராகப் போகும். காடு மூடினாலும் அந்தக் கோடு எளிதில் அழியாது. ஆனால் கார் நிக்கோபாரில் இந்த வழி உதவாது. அந்தத் தளம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. இன்று அது இந்திய விமானப்படைத் தளம். இடம் எல்லோருக்கும் தெரியும், அதைப் போட்ட கைகளைத்தான் மறந்துவிட்டோம். நிக்கோபாரியரைக் கட்டாயப்படுத்தி வாங்கிய உழைப்பு அது. புதர் மறைப்பதைவிட ஆழமாகப் புழக்கம் மறைக்கிறது. ஆகவே ஒரு போர்க்கால ஓடுதளம், யார் உழைப்பில், யார் நிலத்தில் எழுந்தது என்று தெரியும்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டதாகும்.

அதைத் தெரிந்துகொள்ள முதியோர் நினைவையும் நாட வேண்டும். அந்த நினைவில் ஆண்டு பிசகும், எண்ணிக்கை பெருகும், அதை ஆதாரமாகக் கொள்ளலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான ஐயம். ஆனால் 1945-இல் தோற்றபோது ஜப்பானியப் படைகள் தங்கள் ஆவணங்களைப் பெருமளவில் எரித்தன. காகிதத்தை ஒரு தரப்பு கொளுத்திவிட்ட பிறகு, காகிதம் இல்லாததைக் காட்டி மறுதரப்பின் வாய்மொழியைத் தள்ளுவது கொளுத்தியவனுக்கே தீர்ப்பெழுதுவதாகும். நினைவைத் தரையோடும் எஞ்சிய ஏடுகளோடும் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதே முறை. அதே போரில் ஜப்பானியர் போட்ட சயாம்–பர்மா ரயில்பாதையில் மாண்ட மலாயாத் தோட்டத் தமிழர்களின் வரலாற்றையும் பெரிதும் உயிர் பிழைத்தவர்களின் சொல்லே நமக்குத் தந்தது.

கார் நிக்கோபார் பின்னாளில் நாட்டுக்குப் பயன்பட்ட தளம்தானே, பழைய வேதனையை ஏன் கிளற வேண்டும் என்பது இன்னொரு கேள்வி. பயன் கிடைத்தது என்பதால் கடன் தீர்ந்துவிடாது. ஜப்பானியரிடம் மட்டும் இதைக் கேட்டுவிட்டு நிற்பதும் நேர்மையாகாது. கயத்தாற்றின் கரிசலில் ஓடுதளம் விழுந்த இடம் முன்பு யார் உழுத நிலம், மண் சுமந்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதையும் அதே கண்டிப்போடு கேட்க வேண்டும். பழைய வருவாய்ப் பதிவேடுகளைத் தேடுவதும், சுற்றுவட்டாரக் குடும்பங்களின் சொல்லைப் பதிவுசெய்வதும் நம் தென்மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளால் செய்யக்கூடிய வேலை. சொல்ல ஆளிருக்கும்போதே அதைத் தொடங்க வேண்டும்.