வெள்ளியைத் தவறவிட்டவரும் சோழிகளால் கணக்கிட்டவரும்

1769 ஜூன் 4 காலை புதுச்சேரி வானத்தில் ஒரு மேகக் கூட்டம் வந்து நின்றது. அதனால் ஒரு மனிதரின் ஒன்பது ஆண்டு உழைப்பு வீணாயிற்று. நம் ஊரில் நடந்த இந்தக் கதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கும் என் வகுப்பில் யாரும் சொல்லவில்லை. நாங்கள் பிரெஞ்சில்தான் படித்தோம். சேன் நதியும் லுவார் நதியும் எங்கே தோன்றி எங்கே கலக்கின்றன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். அதே பிரெஞ்சில் நம் ஊரைப் பற்றி எழுதிய ஒருவரை மட்டும் யாரும் காட்டவில்லை.

அவர் பெயர் கிய்யோம் லெ ழாந்தி. 1725இல் பிரான்ஸின் குத்தான்ஸ் நகரில் பிறந்தவர், பாரிஸ் அறிவியல் அகாதமியைச் சேர்ந்த வானியலாளர். சுக்கிரன், அதாவது நாம் வெள்ளி என்று சொல்லும் கோள், சூரியனுக்கு முன்னால் ஒரு கரும்புள்ளியாகக் கடந்து போவது மிக அரிதான நிகழ்ச்சி. எட்டு ஆண்டு இடைவெளியில் இருமுறை நடக்கும். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டும். அந்தக் கடப்பை உலகின் பல இடங்களிலிருந்து நேரம் குறித்துப் பார்த்தால், பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிடலாம் என்று ஹாலி சொல்லியிருந்தார். 1761இலும் 1769இலும் அந்த வாய்ப்பு வந்தது. பல நாடுகள் ஆட்களை அனுப்பின. லெ ழாந்திக்குக் கிடைத்த இடம் புதுச்சேரி.

1760 மார்ச்சில் அவர் பிரான்ஸிலிருந்து கப்பலேறினார். மொரீசியஸ் வந்து, அங்கிருந்து 1761இல் நம் கரைக்குப் புறப்பட்டார். வழியில், மாஹே அருகே, புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்ட செய்தி கிடைத்தது. அந்த ஜனவரியில்தான் லாலி சரணடைந்திருந்தார். ஆனந்தரங்கப் பிள்ளை காலமானதும் அதே ஜனவரியில்தான். கப்பல் திரும்பியது. ஜூன் 6 அன்று வானம் தெளிவாக இருந்தது, சுக்கிரனும் தெரிந்தது. ஆனால் ஆடுகிற கப்பல் தளத்தில் ஊசல் கடிகாரம் வேலை செய்யுமா? நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையும் சரியாகத் தெரியாது. கண்ணால் கண்டும் கணக்குக்கு உதவவில்லை.

வேறு யாராவது என்றால் வீடு திரும்பியிருப்பார். இவர் அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு இந்தியப் பெருங்கடல் பகுதியிலேயே தங்கிவிட்டார். நடுவில் மணிலாவுக்குப் போனார். பிறகு 1768 மார்ச்சில் புதுச்சேரி வந்து சேர்ந்தார். அதற்குள் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியிருந்தது. ஆங்கிலேயர் இடித்துத் தரைமட்டமாக்கிய நகரத்தை ஆளுநர் லா தெ லொரிஸ்தோன் மறுபடி கட்டிக்கொண்டிருந்த காலம் அது. இடிந்த கோட்டையின் மிச்சத்தின் மேல் லெ ழாந்திக்கு ஒரு வானாய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன்புவரை எதிரிகளாக இருந்த சென்னை ஆங்கிலேயர்கூட ஒரு நல்ல தொலைநோக்கியை அனுப்பி உதவினார்கள்.

முந்தைய நாட்களில் காலை வானம் தெளிவாகவே இருந்தது. அன்று காலை மட்டும் மேகம் கூடியது. சூரியன் உதிக்கும்போதே சுக்கிரன் அதன் மேல் இருந்தது. ஒன்றரை மணி நேரத்துக்குள் விலகியும் விட்டது. அது விலகிய பிறகுதான் மேகம் கலைந்து வெயில் அடித்தது. அதே நாள் மணிலாவில் வானம் தெளிவாக இருந்ததாம். 1771 அக்டோபரில் அவர் பிரான்ஸுக்குள் காலடி வைத்தபோது, இறந்துவிட்டார் என்று எண்ணிச் சொத்தைப் பங்கு போட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அகாதமியிலும் அவருடைய இடம் போயிருந்தது.

ஆனால் அவருடைய புதுச்சேரி நாட்கள் வீணாகவில்லை. இங்கே இருந்த காலத்தில், தமிழர்கள் கிரகணத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று கற்றுக்கொண்டார். தாளும் எழுதுகோலும் இல்லாமல், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாக வைத்திருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கொண்டே கணக்குப் போடும் முறை அது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். தமிழ் முறைப்படி கிடைத்த கிரகண நேரம் உண்மையைவிட 41 விநாடி குறைவு. அன்று ஐரோப்பாவில் சிறந்ததாகக் கருதப்பட்ட தோபியாஸ் மேயரின் அட்டவணைப்படி கிடைத்தது 68 விநாடி அதிகம். இவை எல்லாம் 1779இலும் 1781இலும் இரண்டு பெரிய தொகுதிகளாக அவர் வெளியிட்ட பயண நூலில் உள்ளன. வீராம்பட்டினத்துப் பழைய இடிபாடுகளைப் பற்றியும் அதில் எழுதியிருக்கிறார். அரிக்கமேட்டை வீலர் தோண்டியது 1945இல். இவர் எழுதியது அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் முன்பு.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. எங்கள் தெருவில் வசிக்கும் சமூக அறிவியல் ஆசிரியை ஒருவர், ஒன்பதாம் வகுப்புக்கு உள்ளூர் வரலாறு நடத்த வேண்டும், பிரெஞ்சு படிக்க வாருங்கள் ஐயா என்று கேட்டார். நான் லெ ழாந்தியைச் சொன்னேன். அந்த நூலுக்கு எங்கே போவது என்று யோசித்தேன். என் காலத்தில் அதைப் பார்க்க வேண்டுமானால் பெரிய நூலகத்தில் அனுமதி வாங்கி, மேசையில் உட்கார்ந்து, பென்சிலால் குறிப்பெடுக்க வேண்டும். அவர் கைப்பேசியிலேயே எடுத்துக் காட்டினார். பிரான்ஸ் தேசிய நூலகத்தின் 'காலிகா' என்ற இணைய நூலகம் 1997 முதல் இருக்கிறது. கட்டணம் இல்லை. பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதே இடத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியின் நகர வரைபடங்களும் கிடைக்கின்றன.

வகுப்பில் அவர் மூன்று கருவிகளைச் சேர்த்துப் பயன்படுத்தினார். முதலில் பழைய வரைபடத்தைத் திரையில் போட்டு, கோட்டை எங்கே இருந்தது, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொன்னார். அடுத்து 'ஸ்டெல்லேரியம்' என்ற மென்பொருள். பிரெஞ்சு இளைஞர் ஒருவர் 2001இல் தொடங்கிய இலவச வானம் அது. ஊரையும் தேதியையும் கொடுத்தால் அன்றைய வானத்தைக் காட்டும். புதுச்சேரி, 1769 ஜூன் 4, காலை. சூரியனைப் பெரிதாக்கினார். அதன் மேல் கரிய பொட்டு ஒன்று நகர்ந்தது. லெ ழாந்தி ஒன்பது ஆண்டு காத்திருந்தும் பார்க்கக் கொடுத்துவைக்காததை நாற்பது பிள்ளைகள் பெஞ்சில் உட்கார்ந்தபடி பார்த்தார்கள். வகுப்பு நிசப்தமாக இருந்தது.

பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "தாத்தா, மேகம் எங்கே?"

நல்ல கேள்வி. அந்த மென்பொருளுக்குக் கோள்களின் கணக்குத்தான் தெரியும். அன்று காலை மேகம் வந்தது அதற்குத் தெரியாது. அது லெ ழாந்தியின் புத்தகத்தில்தான் இருக்கிறது. அப்போதுதான் காலிகாவின் பக்கத்தைத் திறந்து, நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். வரலாற்றுக்குச் சான்று ஏன் தேவை என்று அதற்கு மேல் ஒரு விளக்கமும் வேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது கருவி இயந்திர மொழிபெயர்ப்பு. இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். 1779இல் அச்சான பிரெஞ்சில் 'எஸ்' எழுத்து பல இடங்களில் 'எஃப்' போலவே நீண்டு இருக்கும். இயந்திரம் அதை 'எஃப்' என்றே படித்துவிட்டு உளறுகிறது. அதைவிடப் பெரிய வம்பு வேறொன்று. அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரர்கள் தமிழர்களையே 'மலபார்' என்று எழுதினார்கள். இயந்திரமும் அப்படியே 'மலபார்' என்று தந்துவிடும். பிள்ளைகள் கேரளத்தைப் பற்றிய செய்தி என்று எண்ணிக்கொள்வார்கள். நம் முன்னோரின் கணக்கு இப்படி ஒரு சொல்லில் ஊர் மாறிப் போய்விடும். பக்கத்தில் பிரெஞ்சு தெரிந்த ஒருவர் இருந்தால் ஒரு நிமிடத்தில் திருத்தலாம்.

சோழிக் கணக்கைச் சொன்னபோது ஒரு பையன், தங்கள் வீட்டில் தாத்தா பாம்புப் பஞ்சாங்கம்தான் பார்ப்பார் என்றான். அதுவும் வாக்கியப் பஞ்சாங்கம்தான் என்று சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது. உடனே இன்னொருவன், அப்படியானால் வெள்ளைக்காரனைவிட நாம்தான் எப்போதும் கெட்டிக்காரர்கள் என்றான். கைப்பேசிகளில் தினமும் வருகிற செய்திகளும் இப்படித்தானே சொல்கின்றன! ஆசிரியை அவனை மறுக்கவில்லை. 'இன்டர்நெட் ஆர்கைவ்' தளத்தில் ஜான் வாரன் எழுதிய 'கால சங்கலித' நூலைத் திறந்தார். சென்னை வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய வாரன் 1825இல் வெளியிட்டது அது. அவரும் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக்காரர் சோழி வைத்துக் கிரகணம் கணித்ததை நேரில் பார்த்தவர். 1825 மே 31, ஜூன் 1 இரவின் சந்திர கிரகணம். தொடக்கத்தில் 4 நிமிடம்தான் பிழை. நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். நாசா தளத்தில் பல ஆயிரம் ஆண்டுகளின் கிரகணப் பட்டியல் இலவசமாக இருக்கிறது. 1765, 1825 இரண்டையும் பிள்ளைகள் அதில் தேடி எடுத்தார்கள்.

ஒருமுறை 41 விநாடி, இன்னொருமுறை 52 நிமிடம். இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை. அப்படிச் சொன்னாலும் நம் பெருமை குறையாது. எழுத்தே இல்லாமல், நினைவையும் சோழியையும் மட்டும் வைத்து கிரகணத்தை அவ்வளவு நெருங்கிய மனிதர்கள் நம் ஊரில் வாழ்ந்திருக்கிறார்கள். 1952இல் நாய்கபாவர் என்ற கணித வரலாற்று அறிஞர் இந்த முறையை ஆராய்ந்து, இதன் வேர் பழைய பாபிலோனியக் கணக்குகள்வரை போகிறது என்று எழுதினார். வெளியிலிருந்து வந்த விதையும் நம் நிலத்தில் விளைந்த விளைச்சலும் அதில் கலந்திருக்கின்றன.

இலவசம் என்றாலும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். பள்ளியில் இணையம் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. வேண்டிய பக்கங்களை முந்தின இரவே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டெல்லேரியத்தை ஒருமுறை கணினியில் ஏற்றிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும். நாலு பக்கத்தை அச்செடுத்துக் கையில் கொடுத்தால் இன்னும் நல்லது. திரை மட்டும் பார்த்தால் மறந்துவிடுகிறது. தாளில் விரல் வைத்துப் பார்த்தது நிற்கிறது.

இதைப் படிக்கும் நண்பர்களில் பலர் என்னைப் போலப் பிரெஞ்சில் படித்தவர்கள். நம் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைந்து வருகிறது. நம் ஊரைப் பற்றிய நூல்கள் எல்லாம் இப்போது யாரும் எடுத்துப் பார்க்கும்படி திறந்து கிடக்கின்றன. அவற்றைச் சரியாகப் படித்துச் சொல்லும் கண்கள்தான் குறைவு. அருகில் உள்ள பள்ளியில் ஒரு ஆசிரியரைத் தெரிந்தால், வாரம் ஒரு மணி நேரம் வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். மறுக்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்த அந்த ஆசிரியை அடுத்த மாதம் பழைய வரைபடங்களைக் கொண்டு நம் தெருக்களின் வரலாற்றை எடுக்கப்போகிறார். நேர்கோடாக ஓடும் இந்தத் தெருக்களைப் பிரெஞ்சுக்காரர் போட்டதென்றே பலரும் நினைக்கிறார்கள். 1693 முதல் சில ஆண்டுகள் ஊரை வைத்திருந்த டச்சுக்காரரின் வரைபடத்திலேயே அந்தக் கட்டம் இருக்கிறது என்று ழான் தெலோஷ் எழுதியிருக்கிறார். அதற்கு டச்சு மொழி தெரிந்த யாராவது கிடைத்தால் தேவலை.